பழைய ஜிப்சியை மலைப்பாதைக்குத் தயார் செய்வது எப்படி? வீட்டு வாசலிலேயே முடிக்கும் முழு வேலை

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியவுடன் கை அரிப்பது வண்டியை உயர்த்துவதற்குத்தான். பெரிய டயர், முன்னால் விஞ்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் கருவி), கூரையில் விளக்கு வரிசை என்று ஆசை ஓடும். அதே வண்டியின் கிங் பின் பேரிங் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சின் பேரிங்) ஆடிக்கொண்டிருக்கும், கிரவுன் (ஆக்சில் நடுவே உள்ள டிஃபரன்ஷியல்) ஆயிலை மாற்றி எத்தனை வருடம் ஆனது என்று யாருக்கும் தெரியாது. இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம்: முதலில் வண்டியைப் பழைய ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவது, அடுத்து டயர், அதன்பின் மாட்டிக்கொண்டால் வெளியே இழுக்க உறுதியான கொக்கி, கடைசியில்தான் உயரம். ஒதுக்கிய பணத்தில் பாதி முதல் கட்டத்திலேயே போய்விடும். அது வீண் செலவல்ல.

மாருதி ஜிப்சி கிங்கை மையமாக வைத்து எழுதியிருக்கிறோம். முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங், ஒரு டன்னுக்குப் பக்கமான எடை, கையால் கழற்றி மாட்டக்கூடிய அமைப்பு என்பதால் வீட்டு வேலைக்கு இதைவிடத் தோதான வண்டி இல்லை. பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

நம் பக்கத்து நிலம் என்ன கேட்கிறது

வேலூர் வட்டாரத்தில் தேவைப்படுவது கேரளத்துச் சேற்று வண்டி அல்ல. பாலாறும் பொன்னையாறும் வருடத்தில் பல மாதம் காய்ந்த மணல். ஒடுகத்தூரைத் தாண்டிப் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கம் போனால் உருண்டைக் கல்லும் மழைநீர் அரித்த பள்ளமும். மற்ற இடமெல்லாம் செம்மண் புழுதி. இவற்றுக்கு மேல் 40 டிகிரியைத் தாண்டும் மே மாத வெயில். ஆகவே மணலுக்குக் காற்றழுத்தம், கல்லுக்கு அடிப்பாகப் பாதுகாப்பு, புழுதிக்கு ஃபில்டர், வெயிலுக்கு ரேடியேட்டர், இந்த நான்கும் சரியாக இருந்தால் போதும். ஸ்நார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) இங்கே பெரும்பாலும் அலங்காரம்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை

சேஸிஸை ஒரு சிறு சுத்தியலால் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். உள்ளே துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். பின் ஸ்பிரிங்கின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடம், பாடி மவுண்ட், பின் சக்கரத்துக்கு மேலே வளையும் பகுதி, இந்த மூன்றையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். சென்னைக் கடலோரத்தில் நின்ற வண்டியைவிட நம் ஊர் வண்டியில் துரு குறைவு. புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்த சேஸிஸ் மட்டும் எந்த ஊர் வண்டியானாலும் சந்தேகத்துக்குரியது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்கள் வண்டியில் பொறித்ததோடு ஒத்துப்போக வேண்டும். ராணுவ ஏல வண்டி, வெளிமாநில வண்டி என்றால் இது இரட்டிப்பு முக்கியம். என்ஓசியும் (தடையில்லாச் சான்று) தமிழ்நாட்டு வரியும் கணக்கில் சேரும். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எதுவரை செல்லும் என்று பாருங்கள். பழைய ஜீப்களில் இன்னொரு வழக்கம் உண்டு: மைலேஜுக்காக முன் ப்ரொபெல்லர் ஷாஃப்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள். கீழே குனிந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஃபோர் வீலைச் சோதிக்க மண்தரை வேண்டும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று கியர் ரயில் முறுக்கிக்கொள்ளும். லீவர் வெளியே வர மறுக்கும். மண்ணில் லோ கியரில் ஏற்றத்தில் ஏற்றி, அப்படியே இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். லீவர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வேலை காத்திருக்கிறது. விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

வீட்டில் வேலை செய்ய இடமும் கருவியும்

சமமான சிமெண்ட் தரை, இரண்டு ஜாக்கி, குறைந்தது நான்கு ஆக்சில் ஸ்டாண்டு. ஹாலோ பிளாக்கையோ செங்கல்லையோ முட்டுக்கொடுத்து வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. அவை விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பியும் உள்ளே போகாதீர்கள். ஜிப்சிக்கு 10, 12, 14, 17, 19 ஸ்பேனர்கள் பெரும்பாலான வேலையை முடிக்கும். பழைய மஹிந்திரா ஜீப்பில் இன்ச் அளவு கலந்திருக்கும். 1/2, 9/16, 3/4 இல்லாமல் ஆரம்பித்தால் போல்ட் தலை வட்டமாகிவிடும். டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கியே ஆக வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

ஜிப்சி உற்பத்தி நின்றுவிட்டதால் சில பாகங்களைத் தேட வேண்டியிருக்கும். புதியவற்றுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. ஒன்று மறக்க வேண்டாம்: பேரிங், சீல், பிரேக் பாகம், ப்ரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் மூட்டு ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. நக்கிள் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) ஹவுசிங், ஸ்டப் (சக்கரம் சுழலும் அச்சு) போன்ற கனமான இரும்புகள் பழையதாக இருந்தால் பரவாயில்லை.

முதல் கட்டம்: ஆரோக்கியம்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் உதவிக்கு ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். பிறகு இடமும் வலமும் கை வைத்து ஆட்டினால் டை ராடு எண்டின் தேய்மானம் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் வெறி பிடித்ததுபோல் உதறுகிறதா? பெரும்பாலும் கிங் பின் பேரிங்தான் காரணம். சிலர் அதற்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டி உதறலை மறைப்பார்கள். காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டதற்குச் சமம். பெரிய டயர் மாட்டினால் அது இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

முன் சக்கரத்தின் உள்பக்கம், நக்கிள் உருண்டையில் கறுப்புக் கூழ் வழிகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போனதும் கிரவுன் ஆயில் நக்கிளுக்குள் வந்து கிரீஸோடு கலந்து ஒழுகும். வெளி சீலை மட்டும் மாற்றினால் இரண்டு வாரத்தில் மறுபடி ஒழுகும். நக்கிளைத் திறந்தாகிவிட்டது என்றால் உள் சீல், வெளி சீல், கிங் பின் பேரிங், வீல் பேரிங் நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்; ஒரே கழற்றலில் முடியும் வேலையை நான்கு முறை செய்ய வேண்டாம்.

ஆயில்களில் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 (டின்னில் உள்ள தரக் குறி), கிரவுன் இரண்டுக்கும் 80டபிள்யூ-90 ஜிஎல்-5. எல்லாவற்றுக்கும் ஒரே டின் ஊற்றும் பழக்கம் வேண்டாம். சில ஜிஎல்-5 ஆயில்களில் உள்ள கந்தகச் சேர்க்கை கியர்பாக்ஸில் இருக்கும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும். எப்போதும் நிரப்பும் மூடியை முதலில் திறந்து பார்த்துவிட்டு, பிறகு வடிக்கும் மூடியைக் கழற்றுங்கள். வடித்துவிட்டு நிரப்பும் மூடி துருவில் சிக்கிக்கொண்டால் வண்டி வாசலிலேயே நிற்கும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழிய ஆரம்பித்தால் அளவு சரி. இதைச் சமதரையில்தான் பார்க்க வேண்டும். வடித்த ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளித் தூள் மினுங்கினால் சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் துண்டு வந்தால் கிரவுனைத் திறந்தாக வேண்டும்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? ஓடிச் சூடான ஆக்சில் ஹவுசிங் (கிரவுனும் ஆக்சிலும் இருக்கும் இரும்புக் கூடு) ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் (காற்று போய்வரும் துளை) புழுதியில் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். தீர்வு மிக மலிவு: இரண்டு ஹவுசிங்கின் பிரீதரையும் கழற்றி, அந்த இடத்தில் நிப்பிள் போட்டு, 8 மில்லிமீட்டர் ஃப்யூயல் ஹோஸை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய், நுனியில் ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் செருகுங்கள். ஹவுசிங் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸில் தாராளமாகத் தொய்வு விட வேண்டும். இந்த ஒரு மாற்றம் ஸ்நார்க்கலைவிடப் பத்து மடங்கு உபயோகம்.

ரேடியேட்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பாய்ச்சிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே அடைப்பிருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து ராடு அடிக்க (குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய) வேண்டும். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படியும். சூடாகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறியச் சொல்பவர்கள் நம் ஊரில் அதிகம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான வெப்பநிலைக்கு வரத் தாமதமாகும், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத) வண்டியில் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். புதிது போடுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள்; அது காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்தில் கொதித்துப் பெடல் உள்ளே போகும்.

டயர்

ஜிப்சி கிங்கின் ஒரிஜினல் அளவு 205/70 ஆர்15. அதன் விட்டம் ஏறக்குறைய 668 மில்லிமீட்டர். 215/75 ஆர்15 போட்டால் 703. கிரவுன் அடியில் 18 மில்லிமீட்டர் உயரம் கூடும், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 63 ஓடும். 235/75 ஆர்15 போட்டால் 733. 33 மில்லிமீட்டர் கூடும், 60க்கு 66 ஓடும்.

இரண்டாவது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மொத்த கியரும் பத்து சதவீதம் நீளமாகிவிடும். 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினின் இழுவை மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது. ஜவ்வாது மலை ஏற்றத்தில் பாதி கிளட்ச் பிடித்தே ஓட்ட நேரும், கிளட்ச் கருகும். ஃபெண்டரை வெட்ட வேண்டும், பேரிங்குக்கும் சுமை. எங்கள் தீர்ப்பு 215/75 ஆல் டெரெய்ன். மட் டெரெய்ன் டயர் நம் கல்லுக்கும் மணலுக்கும் தேவையில்லை. மணலில் அதன் கட்டைகள் தோண்டிக்கொண்டு இறங்கும்.

பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருக்கிறது என்று எட்டு வருடப் பழைய டயரை வாங்கினால், வெயிலில் காய்ந்த சைடு வால் கூரிய கல்லில் கிழியும். அங்கே பஞ்சர் ஒட்டவும் முடியாது.

காற்றழுத்தம் செலவே இல்லாத மாற்றம். தாரில் கையேட்டில் சொன்னது. கல்பாதையில் 18 முதல் 20 பிஎஸ்ஐ. ஆற்று மணலில் 14 முதல் 16. பன்னிரண்டுக்குக் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். குறைத்த காற்றோடு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, தாரில் ஏறுவதற்கு முன் மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கு பேட்டரியில் நேரடியாக மாட்டும் 12 வோல்ட் கம்ப்ரஸரும் நம்பகமான கேஜும் தேவை. சிகரெட் லைட்டர் துளையில் மாட்டும் பொம்மைகள் ஃப்யூஸைத்தான் எரிக்கும்.

இழுவைக் கொக்கி

முன்னாலும் பின்னாலும் சேஸிஸில் நேரடியாக போல்ட் போட்ட கொக்கி வேண்டும். 10 மில்லிமீட்டர் இரும்புத் தகடு, சேஸிஸின் உள்பக்கம் பின்தாங்கித் தகடு, 8.8 என்று தலையில் பொறித்த எம்12 போல்ட் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது இரண்டு, 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு. பம்பரில் கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் தனியாக வரும். டிரெய்லர் மாட்டும் குண்டுக் கொக்கியில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது உடைந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். இதில் உயிரிழந்தவர்கள் உண்டு.

உடன் வைத்திருக்க: 4.75 டன் முத்திரையுள்ள முக்கால் இன்ச் இழுவை ஷேக்கிள் (நாடாவைக் கொக்கியில் மாட்டும் யூ வளையம்) இரண்டு, நீளும் வகை இழுவை நாடா ஒன்று, மண்வெட்டி, கம்பளி. இழுக்கும்போது கம்பளியை நாடாவின் நடுவில் போடுங்கள், அறுந்தால் வேகத்தை அது வாங்கும். எல்லோரும் நாடாவின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். கையுறை இல்லாமல் இரும்புக் கயிற்றைத் தொட வேண்டாம். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, தோல் கையுறைக்கா பஞ்சம்?

உயர்த்துவது

ஒன்று முதல் ஒன்றரை இன்ச், அவ்வளவுதான். தொய்ந்துபோன பழைய ஸ்பிரிங்கை ஸ்பிரிங் ஒர்க்ஸில் கொடுத்துப் பட்டைகளை மறுபடி வளைத்து, தேய்ந்த பட்டையை மாற்றினாலே இழந்த உயரம் திரும்பிவிடும். முதலில் அதைச் செய்துவிட்டுப் பாருங்கள். பலருக்கு அதற்குமேல் தேவைப்படாது.

இன்னும் வேண்டுமென்றால் நீளமான ஸ்பிரிங் ஷேக்கிள். ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி 25 மில்லிமீட்டர்தான் உயரும். ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால் நடுவில் பாதிதான் கிடைக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜிப்சியின் முன் ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஹவுசிங் முன்னோக்கிச் சாய்ந்து கேஸ்டர் கோணம் (கிங் பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஸ்பிரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரண்டு டிகிரி ஆப்புத்தகடு வைத்தால் கேஸ்டர் திரும்பும். ஆனால் பினியன் மூக்கு (கிரவுனில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டும் முனை) கீழே இறங்கி, ப்ரொபெல்லர் கிராஸின் கோணம் அதிகமாகும், ஃபோர் வீலில் அதிர்வு வரும். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்த முடியாது என்பதால்தான் குறைவாக உயர்த்தச் சொல்கிறோம். ஹவுசிங்குக்கு மேலே ஸ்பிரிங்கை ஏற்றும் வேலைக்குப் புது இருக்கைகளை வெல்டிங் செய்ய வேண்டும், ஸ்டியரிங் இணைப்பு முழுவதும் மாறும். அது வீட்டு வாசல் வேலை அல்ல.

ஷேக்கிளும் புஷ்ஷும் மாற்றும் முறை:

1. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கர நட்டுகளைத் தரையிலேயே அரைச்சுற்று இளக்குங்கள். சேஸிஸைத் தூக்கி, ஸ்பிரிங் மவுண்டுக்குப் பின்னால் இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.
2. சக்கரத்தைக் கழற்றி, இரண்டாவது ஜாக்கியால் ஹவுசிங்கைத் தாங்குங்கள். இல்லாவிட்டால் அதன் எடை முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும்.
3. ஷாக் அப்சார்பரின் கீழ் முனையை விடுவியுங்கள். ஸ்பிரிங்கை ஹவுசிங்கோடு பிடிக்கும் யூ-போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கழற்றியதை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை இறுகி நீண்ட மரை மறுபடி சரியாகப் பிடிக்காது.
4. ஜாக்கியை மெல்ல இறக்கி ஷேக்கிளையும் பின்முனை போல்ட்டையும் எடுங்கள். ஸ்பிரிங் கண்ணின் உள்பக்கத் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, புதிய ரப்பர் புஷ்ஷைச் சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும்.
5. ஷேக்கிள் தகடு 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நீளமான ஷேக்கிளில் இரண்டு தகடுகளுக்கும் நடுவே குறுக்கு இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் பக்கவாட்டில் சாயும்.
6. ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை ஹவுசிங் இருக்கையின் குழியில் சரியாக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே யூ-போல்ட்டை மாட்டுங்கள். குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கி, நான்கு முனையிலும் ஒரே அளவு மரை வெளியே தெரியச் செய்யுங்கள்.
7. ஷேக்கிள் போல்ட்டுகளை இப்போது இறுக்காதீர்கள். சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையிறக்கி, முன்னும் பின்னும் உலுக்கிய பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும்.

முடிந்ததும் மறுபடி சேஸிஸைத் தூக்கி, ஹவுசிங் முழுவதும் தொங்கும்போது ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பிரேக் ஹோஸைப் பாருங்கள். குறைந்தது இரண்டு விரல் தொய்வு இருக்க வேண்டும். ஷாக் அப்சார்பருக்கு அளவு எடுப்பதும் இப்போதே: முழுத் தொங்கலில் இரு கண்களுக்கு இடையே எவ்வளவு, ஹவுசிங் மேலேறிப் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்போது எவ்வளவு. புதிய ஷாக் முதல் அளவைவிடக் கொஞ்சம் அதிகமாக நீள வேண்டும், இரண்டாவதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்க வேண்டும்.

அடித்தகடும் விளக்கும்

டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அடியில் 4 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. 60க்கு 50 சென்டிமீட்டர் துண்டு ஒன்பதரை கிலோ வரும். வண்டி முழுக்கத் தகடு அடித்தால் உயர்த்தியதெல்லாம் எடையில் இறங்கிவிடும். தகட்டுக்கும் கேஸுக்கும் நடுவே 15 மில்லிமீட்டர் இடைவெளி, ஆயில் வடிக்கத் துளை, போல்ட்டில் மட்டும் பிணைப்பு. மாசி முதல் வைகாசி வரை மலையில் காய்ந்த புல் தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே சிக்கிப் பற்றிக்கொள்ளும். நிற்கும்போதெல்லாம் குனிந்து பிடுங்கி எறியுங்கள். எங்கே வெல்டிங் செய்தாலும் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கம் வேண்டவே வேண்டாம்.

இரண்டு 55 வாட் விளக்குகள் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய ஸ்விட்ச் அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், ரிலேயில் 30க்கு பேட்டரி, 87க்கு விளக்கு, 86க்கு ஸ்விட்ச், 85க்கு எர்த்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்பக்க புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. எதைச் செய்வதற்கு முன்னும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். எல்லாவற்றையும் போல்ட்டில் கழற்றக்கூடியதாகவே செய்து, ஒரிஜினல் பாகங்களைப் பத்திரமாக வையுங்கள். எஃப்சிக்கு (தகுதிச் சான்று) போகும்போது அவைதான் கைகொடுக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். ஆற்றுக்குள் வண்டியை இறக்கினால் மணல் திருட வந்ததாக நினைத்து ஊரே கூடும். தெரிந்தவர் நிலத்தில் பழகுவது நல்லது.

சோதனை ஓட்டம்

முதலில் தாரில். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் ஒரே காலையில் சொல்லிவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் நேருக்கு வருகிறதா, இறக்கத்தில் பெடல் மெத்தென்று ஆகிறதா, சக்கர மையத்தைப் புறங்கையால் தொடும்போது ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் சுடுகிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பேரிங்கை அதிகமாக இறுக்கியிருப்பீர்கள், அல்லது பிரேக் விடுபடவில்லை.

பிறகு மணல். காற்றைக் குறைத்து, ஃபோர் வீலில், நிதானமான வேகத்தை விடாமல் போங்கள். நிறுத்தப் பிரேக் மிதிக்காதீர்கள். சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், கிளம்புவது கடினம். ஆக்சிலரேட்டரை விட்டாலே நிற்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்த நொடியே நிறுத்தி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். இன்னும் மூன்று மிதி மிதித்தால் ஹவுசிங் மணலில் உட்கார்ந்துவிடும், அப்புறம் மண்வெட்டிதான்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட், ஷேக்கிள், கொக்கி போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். ஐநூறில் இன்னொரு முறை. இறுக்கியதும் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை படுக்காமலே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஓடையில் ஹவுசிங் முங்கியிருந்தால், ஓர் இரவு சமதரையில் நிறுத்திவிட்டுக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் கிரவுன் வடிமூடியை மெல்ல இளக்குங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும்.